ஓலை முதல் கணினி வரை: எழுத்துச் சிக்கனம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

சொற்களை அளந்து கையாளுதல் புலவர்க்கு மட்டும் உரிய பண்பன்று. கணினிக்குக் கட்டளை எழுதுவோரும் ஓர் எழுத்து மிகுமா, குறையுமா என்று ஆராய்கின்றனர். சிக்கனம் எங்கே பயன் தரும், எங்கே பொருளைக் கெடுக்கும் என்று பகுத்தறிந்தவரே நன்கு எழுத வல்லவர் ஆவர். பழைய ஓலைச்சுவடியையும் இன்றைய கணினியின் உள்ளே இயங்கும் கட்டளை வரியையும் அருகருகே வைத்து, அந்தப் பகுத்தறிவைக் கற்பிக்கிறது இப்பாடம்.

1. சுவடிகள் வாழும் ஊர்

கருநாடக மாநிலத்தில், மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், மண்டியா மாவட்டத்தில் அமைந்துள்ள மலையூர் மேல்கோட்டை. திருநாராயணபுரம் என்பது அதன் பழம்பெயர்களுள் ஒன்று. 12 ஆம் நூற்றாண்டில் இராமானுசர் இவ்வூரில் பல்லாண்டுகள் தங்கியிருந்தார். இங்குள்ள நாராயணர் கோவிலில் நாலாயிரத் திவ்வியப் பிரபந்தம் இன்றும் ஓதப்படுகிறது. கன்னட நிலத்தின் நடுவே தமிழ் ஒலிக்கும் ஊர்களுள் இதுவும் ஒன்று.

இவ்வூரில் உள்ள சமற்கிருத ஆய்வு நிறுவனம் பழஞ்சுவடிகளைத் தொகுத்துக் காத்து வருகிறது. மொழியாய்வுக்குக் கணினியைப் பயன்படுத்தும் பணிகளும் அங்கே நடைபெற்றுள்ளன. ஓலையும் கணினியும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் அந்த இடம் ஒரு வினாவை எழுப்புகிறது. எழுதும் பொருள் மாறியபோது எழுத்தைச் சிக்கனமாகக் கையாளும் முறையும் மாறியதா?

பனையோலை அகலம் குறைந்தது, எழுத்தாணியோ கூரியது. புள்ளியை அழுத்தி வைத்தால் ஓலை துளைபடும். ஆதலால் தமிழ்ச் சுவடிகளை எழுதியோர் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைக்காமலேயே எழுதினர். சொற்களுக்கு இடையே வெற்றிடமும் விடவில்லை. இதனால் ஓலையும் உழைப்பும் மிஞ்சின. எனினும், மிஞ்சியது எழுதியவருக்கு; இழப்பு நேர்ந்தது படிப்பவருக்கு. 'பல' என்று சுவடியில் காணப்படும் சொல் 'பல' ஆகவும் இருக்கலாம், 'பல்' ஆகவும் இருக்கலாம். 'கொடு' என்பதும் 'கோடு' என்பதும் வடிவத்தில் வேறுபடாமல் நின்றன. 18 ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த எழுத்துச் சீர்திருத்தம் குறிலையும் நெடிலையும் வடிவத்தால் பிரித்துக் காட்டியது. பின்னாளில் சுவடிகளை அச்சேற்றிய சி.வை. தாமோதரனார், உ.வே. சாமிநாதர் முதலியோர் ஒரு நூலுக்குப் பல படிகளைத் தேடி, ஒப்பிட்டு, உரிய பாடத்தைத் துணிந்தனர். ஒரு புள்ளியைச் சேமித்ததன் விலையை அவர்கள் ஆண்டுக்கணக்கில் செலுத்தினர் எனலாம்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், நூலுக்குரிய அழகுகள் பத்தினைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது சுருங்கச் சொல்லல்; அதனை அடுத்தே விளங்க வைத்தல் இடம்பெறுகிறது. நூலின் குற்றங்களைக் கூறுமிடத்து மிகைபடக் கூறலைப் போலவே குன்றக் கூறலையும் அந்நூல் குற்றமாக எண்ணுகிறது. சுருக்கம் அழகாவது தெளிவோடு சேரும்போதுதான். இந்த அளவுகோலைக் கொண்டு கணினியின் உள்ளே செல்வோம்.

2. இயக்கி எழுதும் வரிகள்

கணினியின் உறுப்புகளையும் அதில் இயங்கும் செயலிகளையும் இணைத்து ஆள்வது இயக்க அமைப்பு. அதன் நடுப்பகுதி கர்னல் எனப்படும். விசைப்பலகை, வட்டு, வலையமைப்பு அட்டை முதலிய ஒவ்வொரு சாதனத்துடனும் பேசத் தனித்தனி நிரல்கள் உள்ளன. அவற்றுக்கு இயக்கிகள் என்று பெயர்.

1991 இல் பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினசு டோர்வால்ட்சு தொடங்கிய லினக்சு கர்னல், இன்று உலகெங்கும் உள்ள நிரலாளர் பல்லாயிரவரின் கூட்டுப்படைப்பாக வளர்ந்துள்ளது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளம் அதுவே. உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகள் அனைத்தும் 2017 நவம்பர் முதல் அதனைக்கொண்டே இயங்குகின்றன. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கி, 2007 இல் வெளியான 'பாஸ்' என்னும் இந்திய இயக்க அமைப்பும் லினக்சையே அடிப்படையாகக் கொண்டது.

இயக்கிகள் தம் சாதனத்தின் நிலையை எழுத்து வடிவில் தெரிவிப்பதுண்டு. இதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, பிழை முதலியன நேரும்போது தாமாகவே செய்தி வெளியிடுதல். மற்றொன்று, 'நிலை என்ன?' என்று பிற நிரல்கள் கேட்கும்போது விடை தருதல். இரண்டாம் வகைக்கெனக் கர்னலில் சிறப்பான கோப்புகள் உள்ளன. அவை வட்டில் இருப்பவை அல்ல. படிக்கும் நொடியில் உருவாகுபவை. அந்நொடியில் இயக்கி ஒவ்வொரு வரியாக எழுதித் தருகிறது. அவ்வாறு எழுதுவதற்குரிய செயற்கூறுகள் மூன்றினை இங்குக் காண்போம்.

3. மூவகை எழுத்தர்

ஓர் அலுவலகத்தில் மூன்று எழுத்தர் உள்ளனர் எனக் கொள்வோம். முதலாமவர் படிவம் நிரப்புபவர். எந்தத் தாளைக் கொடுத்தாலும் முதல் எழுத்து முதல் இறுதி எழுத்து வரை பார்த்து, நிரப்ப வேண்டிய இடம் உண்டா என்று தேடுவார். இருந்தால் எண்ணையோ பெயரையோ அங்கே இட்டு எழுதுவார். இரண்டாமவர் படி எடுப்பவர். கொடுத்த தொடரை அப்படியே எழுதுவார்; பொருளை ஆராயமாட்டார். மூன்றாமவர் ஒரே ஓர் எழுத்தை மட்டும் இடுபவர்.

லினக்சு கர்னலில் முதலாமவரின் பெயர் 'சீக் பிரிண்ட்எஃப்'. இரண்டாமவர் 'சீக் புட்ஸ்'. மூன்றாமவர் 'சீக் புட்சி'. சி மொழியில் எழுதப்பட்ட கர்னலில் இம்மூன்றும் அன்றாடம் பயன்படுகின்றன. சதவீதக் குறியாகிய % என்பதே முதலாமவர் தேடும் நிரப்பிடத்தின் அடையாளம்.

'வெப்பநிலை: 41' என்று எழுத வேண்டுமானால் 41 என்னும் எண் ஒவ்வொரு முறையும் மாறும். அதற்குப் படிவம் நிரப்புபவரே தேவை. 'சாதனம் அணைந்துள்ளது' என்னும் மாறாத் தொடருக்கோ படி எடுப்பவர் போதும். வரியின் முடிவைக் குறிக்கும் ஒற்றைக் குறிக்கு மூன்றாமவர் போதும். ஆயினும், பழக்கத்தால் நிரலாளர் பலர் எல்லாவற்றுக்கும் முதலாமவரையே அழைத்துவிடுகின்றனர். நிரப்ப எதுவும் இல்லாத தாளிலும் அவர் எழுத்தெழுத்தாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்தத் தேடலைத் தவிர்ப்பதே இங்குக் கூறப்படும் சிறு சிக்கனம். கர்னலின் திருத்தங்களைச் சரிபார்க்கும் 'செக்பேட்ச்' என்னும் கருவியும், நிரப்பிடம் இல்லாத இடத்தில் 'சீக் புட்ஸ்' பயன்படுத்துமாறு நினைவூட்டுகிறது.

4. மாற்றினாலும் மாறாதிருத்தல்

கட்டளை மாறலாம், வெளிப்படும் எழுத்து மாறலாகாது. கர்னல் தரும் வரிகளை மாந்தர் மட்டும் படிப்பதில்லை. கணினியில் எந்தெந்த நிரல்கள் இயங்குகின்றன என்று காட்டும் கருவிகள் அவ்வரிகளைப் படித்தே தம் வேலையைச் செய்கின்றன. ஓர் இடைவெளி குறைந்தாலும் அவை தடுமாறக்கூடும். ஆகவே, இத்திருத்தத்தைச் செய்வோர் மூன்று இடங்களில் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

முதலாவது, பெயர் ஒற்றுமையால் வரும் மயக்கம். சி மொழியின் பொது நூலகத்தில் 'புட்ஸ்' என்றொரு செயற்கூறு உண்டு. அது தொடரை எழுதியபின் தானாகவே அடுத்த வரிக்குச் சென்றுவிடும். கர்னலின் 'சீக் புட்ஸ்' அவ்வாறு செய்யாது. பெயர் ஒத்திருப்பதால் செயலும் ஒத்திருக்கும் என்று கருதுபவர், வரியைத் தேவையற்ற இடத்தில் முறிப்பார் அல்லது முறிக்க வேண்டிய இடத்தில் விட்டுவிடுவார்.

இரண்டாவது, எழுத்து என்பதன் பொருள். 'சீக் புட்சி' இடும் ஓர் எழுத்து உண்மையில் ஒரு பைட்டு. ஆங்கில எழுத்துக்கு அது போதும், தமிழுக்குப் போதாது. 'மேல்கோட்டை' என்னும் சொல்லையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தமிழ் இலக்கணப்படி மே, ல், கோ, ட், டை என அதில் 5 எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் அகரமேறிய வடிவமாகவும் ஒரு துணைக்குறியாகவும் பிரிந்து, மொத்தம் 10 குறியீடுகள் ஆகின்றன. இணையத்திலும் லினக்சிலும் பெருவழக்காக உள்ள யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் தேவை. ஆக, 5 எழுத்துள்ள ஊர்ப்பெயர் 30 பைட்டுகளாக விரிகிறது. 'மே' என்னும் ஓரெழுத்தே 6 பைட்டுகள் ஆகும். ஓரெழுத்துதானே என்று எண்ணி அதனை மூன்றாம் எழுத்தரிடம் ஒப்படைத்தால் அவரால் அதனை எழுத இயலாது.

மூன்றாவது, பாதுகாப்பு. வெளியிலிருந்து வந்த தொடர் ஒன்றைப் படிவம் நிரப்புபவரிடம் படிவமாகவே கொடுப்பது தீங்கு விளைக்கும். ஒருவர் தம் சாதனத்துக்குச் சதவீதக் குறி கலந்த பெயரை இட்டார் எனக் கொள்வோம். அதனைக் கண்ட எழுத்தர், நிரப்பிடம் என்று மயங்கி, கொடுக்கப்படாத விவரத்தை நினைவகத்தில் தேடத் தொடங்குவார். பிறர் அறியக்கூடாத செய்தி அதனால் வெளிப்படவும் கூடும். நிரல் முடங்கவும் கூடும். 2000 ஆம் ஆண்டையொட்டி, பொதுப் பயன்பாட்டு நிரல்கள் பலவற்றில் இவ்வகைக் குறை கண்டறியப்பட்டு உலகின் கவனத்தை ஈர்த்தது. படி எடுப்பவரிடம் கொடுத்திருந்தால் சதவீதக் குறியையும் அவர் வெறும் எழுத்தாகவே எழுதியிருப்பார். ஆகவே, உரிய செயற்கூற்றைத் தேர்ந்தெடுத்தல் விரைவுக்காக மட்டுமன்று, காப்புக்காகவும் ஆகும்.

5. அளந்த பின்னரே பேச்சு

இச்சிக்கனத்தால் எவ்வளவு நேரம் மிஞ்சும்? ஒரு கணக்கால் அறியலாம். நொடிக்கு 100 கோடித் துடிப்புகள் கொண்ட செயலியில், ஒருமுறை அழைப்பதில் 100 துடிப்புகள் மிஞ்சுவதாகக் கொள்வோம். அது நொடியில் ஒரு கோடியில் ஒரு பங்கு. முழுதாக ஒரு நொடி மிஞ்ச வேண்டுமானால் அவ்வரி ஒரு கோடி முறை எழுதப்பட வேண்டும். நொடிக்கு ஒருமுறை மட்டும் எழுதப்படும் வரியாயின் அதற்கு ஏறத்தாழ 116 நாள்கள் ஆகும். நொடிக்கு 1000 முறை எழுதப்படும் வரியாயின் மூன்று மணி நேரத்துக்குள் அச்சேமிப்பு கைகூடும். சிக்கனம் ஒன்றே, அது நிகழும் இடம் வேறு. இடமே பயனை முடிவு செய்கிறது.

மற்றொரு கணக்கும் உண்டு. சிறு கருவிகள் பலவற்றில் பிழைச்செய்திகள் தொடர்முனை எனப்படும் ஒற்றைக் கம்பி வழியே செல்கின்றன. அதன் வழக்கமான வேகங்களுள் ஒன்று நொடிக்கு 1,15,200 பிட்டுகள். ஒரு பைட்டை அனுப்பத் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்ந்து 10 பிட்டுகள் தேவைப்படுவதால் நொடிக்கு 11,520 பைட்டுகளே செல்லும். 'மேல்கோட்டை' என்னும் சொல்லின் 30 பைட்டுகள் செல்ல ஏறத்தாழ 2.6 மில்லிநொடி ஆகும். மேலே மிஞ்சிய நேரத்தைப்போல் இது 26,000 மடங்கு. கம்பியில் காத்திருக்கும் நேரம் இவ்வளவாக இருக்கும்போது செயற்கூற்றை மாற்றி விரைவு கண்டோம் என்பது, மாட்டுவண்டியில் செல்பவர் தலைப்பாகையைக் கழற்றி வைத்துப் பாரம் குறைத்ததற்கு ஒப்பாகும்.

அங்கே செய்தியைச் சுருக்குவதே பயன் தரும். ஒரே ஒரு தமிழ்க் குறியீட்டைக் குறைத்தாலும் 3 பைட்டுகள் மிஞ்சும். ஆயினும், சுருக்கத்துக்கும் எல்லை உண்டு. 'பிழை' என்று மட்டும் சொல்லி நிற்கும் செய்தி சுருக்கமானதே. ஆனால், எந்த வட்டு, என்ன குறை என்று தேடும் பழுது நீக்குநர் நள்ளிரவில் அதனைக்கொண்டு என்ன செய்வார்? 'வட்டு 2: படிக்க இயலவில்லை' என்பதில் பைட்டுகள் மிகுதி, அதனைப் படிப்பவரின் அலைச்சலோ குறைவு. புள்ளியில்லாச் சுவடியில் நேர்ந்தது இங்கும் நேரலாகாது.

6. ஊற்றிலே செய்யும் திருத்தம்

கர்னலின் புதிய பதிப்பு ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை வெளியாகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் 10,000க்கும் மேற்பட்ட திருத்தங்கள் சேர்கின்றன. ஒவ்வொரு திருத்தத்தையும் அப்பகுதியின் பொறுப்பாளர் படித்துப் பார்த்தே ஏற்க வேண்டும். எவ்வளவு சிறிய திருத்தமாயினும் படிப்பதற்கு நேரம் ஆகும். புதுப்பிழை புகுவதற்கும் வாய்ப்பு உண்டு. ஆதலால், பயன் மிகச் சிறிதாயின் பொறுப்பாளர் சிலர் இத்தகைய திருத்தங்களை ஏற்கத் தயங்குகின்றனர். வேறு சிலர், கட்டளையின் நோக்கம் தெளிவாகிறது என்பதற்காகவே வரவேற்கின்றனர். இருசாரார் கூற்றிலும் நியாயம் உண்டு. எந்திரத்தின் நேரமும் மாந்தரின் நேரமும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன.

இச்சிக்கலுக்கு நல்வழி ஒன்றும் உண்டு. ஆயிரம் இடங்களில் தனித்தனியே திருத்துவதைவிட, அவ்வாயிரமும் அழைக்கும் ஓரிடத்தைத் திருத்துவது மேலானது. பொது நிரல்களில் வரும் எளிய 'பிரிண்ட்எஃப்' கட்டளையை ஜிசிசி என்னும் நிரல்பெயர்ப்பி, பொருள் மாறாதவிடத்துத் தானே 'புட்ஸ்' ஆக மாற்றிக்கொள்கிறது. கர்னலுக்கே உரிய 'சீக்' செயற்கூறுகளை அது அவ்வாறு மாற்றுவதில்லை. 2024 இல் 'சீக் புட்ஸ்' செயற்கூறே சீரமைக்கப்பட்டது. அதற்குமுன் அது, தொடரின் நீளத்தை ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்த பின்னரே எழுதியது. மாறாத் தொடரின் நீளம் நிரல் பெயர்க்கப்படும்போதே தெரிந்துவிடும் அல்லவா? எனவே, இயங்கும்போது எண்ணும் வேலை நீக்கப்பட்டது. தொடர் ஒரே பைட்டாக இருப்பின் அது தானாகவே 'சீக் புட்சி'யிடம் செல்லுமாறும் அமைக்கப்பட்டது. அழைக்கும் இடங்களில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும், அவ்வனைத்திற்கும் பயன் கிட்டியது. ஊற்றைத் தூர்வாரினால் வாய்க்கால் எல்லாம் தெளிவது போன்றது இது.

எழுத்துச் சிக்கனத்துக்கு வேண்டியவை மூன்று என இவற்றால் தெளியலாம். பொருள் சிறிதும் மாறலாகாது. படிப்பவருக்குச் சுமை கூடலாகாது. மிஞ்சுவது எவ்வளவு என்று அளந்து காணல் வேண்டும். இம்மூன்றும் பொருந்திய சிக்கனம், அளவால் சிறிதாயினும் செய்யத்தக்கது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அதன் விலையை எங்கோ ஒருவர் செலுத்த நேரும்.

சொல்லும் பொருளும்

செயற்கூறு – குறிப்பிட்ட ஒரு வேலையைச் செய்யும் நிரல்பகுதி
நிரல்பெயர்ப்பி – நிரலாளர் எழுதியதை எந்திரம் அறியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்
இயக்கி – சாதனத்துக்கும் இயக்க அமைப்புக்கும் இடையே நிற்கும் நிரல்
பாடம் – நூலில் காணப்படும் சொல்வடிவம்
துணிதல் – ஆராய்ந்து முடிவு செய்தல்

இலக்கணக் குறிப்பு

பழஞ்சுவடி – பண்புத்தொகை
மாறாத் தொடர் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
ஓலையும் கணினியும் – எண்ணும்மை
சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் – தொழிற்பெயர்கள்

பகுபத உறுப்பிலக்கணம்

எழுதினர் – எழுது + இன் + அர்
எழுது – பகுதி; இன் – இறந்தகால இடைநிலை; அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

குறுவினா
1. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி வைக்காமைக்குக் காரணம் யாது?
2. இயக்கிகள் தம் நிலையைத் தெரிவிக்கும் இரு வழிகள் யாவை?
3. 'மேல்கோட்டை' என்னும் சொல் 30 பைட்டுகள் ஆவது எவ்வாறு?

சிறுவினா
1. மூவகை எழுத்தர் என்னும் உவமையால் விளக்கப்படும் செயற்கூறுகளின் வேறுபாட்டை எழுதுக.
2. 'உரிய செயற்கூற்றைத் தேர்ந்தெடுத்தல் காப்புக்காகவும் ஆகும்' – இக்கூற்றை நிறுவுக.
3. ஊற்றிலே செய்யும் திருத்தம் மேலானது எனப்படுவது ஏன்?

நெடுவினா
சுருக்கமும் தெளிவும் ஒன்றுக்கொன்று துணையாதலைச் சுவடி, கணினி ஆகிய இரண்டையும் கொண்டு கட்டுரையாக வரைக.

கற்பவை கற்றபின்

1. உம் பெயரில் எத்தனை எழுத்துகள், எத்தனை ஒருங்குறிக் குறியீடுகள், எத்தனை பைட்டுகள் உள்ளன எனக் கணக்கிட்டு அட்டவணைப்படுத்துக.
2. பள்ளி அறிவிப்புப் பலகையில் உள்ள அறிவிப்பு ஒன்றினைப் பொருள் குறையாமல் பாதியளவாகச் சுருக்கி எழுதுக. நீக்கிய சொற்களுள் எச்சொல்லை மீண்டும் சேர்க்க நேர்ந்தது என்பதை வகுப்பில் எடுத்துரைக்க.